மேல்தோல் மட்டும் போச்சா, உள்ளேயும் போச்சா? ரப்பர் சாமானை வெட்டிப் பார்த்து வயது சொல்லும் வழி

பழைய வாஷரோ ஹோஸோ கையில் இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன்னால் பிளேடு எடுத்துக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். மேலே வெடித்துக் கிடக்கிறதே என்று வீசப்போன சாமான் உள்ளே புதுசாக இருக்கலாம். மேலே கறுப்பாகப் பளபளக்கிற சாமான் அடிவரைக்கும் செத்துப்போயிருக்கலாம். இரண்டையும் எங்கள் கடை மேசையில் அடிக்கடி பார்க்கிறோம்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நானும் என் தம்பியும் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கிறோம். பம்பு, ஹோஸ், ஓ-ரிங், பெல்ட்டு, தோட்டத்தில் மருந்தடிக்கிற பம்புக்கு வேண்டிய வாஷர்கள், மழைக்காலம் வந்தால் ரப்பர் பூட்ஸ். கடைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு ரப்பர் ஆலை லேப்பில் வேலை பார்த்தவள். ரப்பரை வில்லை வில்லையாக வெட்டுவது, அடுப்பில் வைப்பது, அழுத்திப் பார்ப்பது, எண்ணை எழுதிவைப்பது, இதுதான் வேலை. கடையில் எனக்கு வருகிற கேள்வியும் அதே கேள்விதான்: “அக்கா, இது இன்னும் தாங்குமா?” அதற்குப் பதில் சொல்ல, ஆக்சிஜன் அந்தச் சாமானுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று முதலில் ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் பிடிபட்டுவிட்டால் வாங்குவது, எடுத்து வைப்பது, மாற்றுவது எல்லாமே சுலபம்.

முதலில் கொஞ்சம் வேதியியல். பயப்பட வேண்டாம், ஒரு பத்திதான்.

ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். பால்மரத்து ரப்பரில் அந்தச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கள் லேசில் கழன்றுவிடும். சூடு, வெயில், செம்பு மாதிரியான உலோகம், ஏதோ ஒன்று ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால் அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது சும்மா இருக்காது. பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி, தான் பெராக்சைடாக மாறி, அங்கேயும் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கிவிடும். அந்தப் பெராக்சைடு பிறகு உடைந்து இன்னும் பல இடங்களில் இதே வேலையைத் தொடங்கி வைக்கும். அதனால்தான் ரப்பர் ரொம்ப நாள் ஒன்றும் ஆகாத மாதிரி இருந்துவிட்டு, ஆரம்பித்த பிறகு மளமளவென்று கெடுகிறது. 1940-களில் இங்கிலாந்தில் போலண்ட், கீ என்ற இருவர் இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடம் ரப்பர் உற்பத்தியாளர்களுடையது.

கெடுவதிலும் இரண்டு வகை உண்டு. சங்கிலி அறுந்தால் ரப்பர் பிசுபிசுக்கும். சங்கிலிகள் ஒன்றோடொன்று கூடுதலாகப் பின்னிக்கொண்டால் இறுகி உடையும். பால்மரத்து ரப்பர் பெரும்பாலும் முதலில் பிசுபிசுக்கும், முற்றிப்போனால் பிறகு இறுகும். காரில் கிடந்த ரப்பர் பேண்ட் ரசீதுக் கட்டோடு உருகி ஒட்டிக்கொள்வது இதனால்தான். எண்ணெய் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் நேராக இறுகத்தான் பார்க்கும். பழைய ஓ-ரிங்கை வளைத்தால் படக்கென்று முறிகிறதே, அது அந்த வகை.

இப்போது கவனிக்க வேண்டிய கணக்குக்கு வருகிறேன். ஒரு கிராம் பால்மரத்து ரப்பரில் எடைக்கு 1 சதவீதம் ஆக்சிஜன் சேர்ந்தாலே அதன் வலு வெகுவாகப் போய்விடும் என்று சொல்வார்கள். அந்த 1 சதவீதம் வாயுவாக ஏறக்குறைய 7 கன சென்டிமீட்டர். ஆனால் காற்றில் கிடக்கிற ரப்பருக்குள் ஒரு நேரத்தில் கரைந்திருக்கிற ஆக்சிஜன், ஒரு கன சென்டிமீட்டர் ரப்பருக்கு வெறும் 0.02 கன சென்டிமீட்டர் அளவுதான். உள்ளே இருக்கிற சரக்கைப்போல முந்நூறு மடங்குக்கு மேல் வேண்டும். அத்தனையும் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும், மேற்பரப்பு வழியாகத்தான் வந்தாக வேண்டும். ரப்பர் கெடுவது என்பது பாதி வேதியியல், பாதி போக்குவரத்து.

போக்குவரத்து எவ்வளவு வேகம்? சாதாரண வெப்பத்தில் பால்மரத்து ரப்பரில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தை ஆக்சிஜன் தோராயமாக இரண்டு மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். பத்து மில்லிமீட்டர் என்றால் பத்து மடங்கு நேரம் என்று நினைக்காதீர்கள். ஆழம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். கிட்டத்தட்ட ஒரு வாரம் பிடிக்கும். அதுவும் வழியில் யாரும் அதைப் பிடித்துத் தின்னாமல் இருந்தால்.

தின்னாமல் இருப்பார்களா? வழியில் உள்ள சங்கிலிகள் எல்லாம் ஆக்சிஜனுக்குக் காத்துக்கொண்டிருக்கின்றன. கல்யாண வீட்டில் முதல் வரிசையே வடையைத் தீர்த்துவிட்டால் கடைசி வரிசைக்கு வெறும் இலைதான். தடித்த ரப்பரின் நடுப்பகுதி அந்தக் கடைசி வரிசை. ஆக்சிஜன் வருகிற வேகத்தைவிடத் தின்னுகிற வேகம் கூடிவிட்டால் வெளித்தோல் மட்டும் கெட்டு, உள்ளே அப்படியே நிற்கும். எவ்வளவு ஆழம் கெடும் என்பது மூன்றைப் பொறுத்தது: அந்தப் பொருள் ஆக்சிஜனை எவ்வளவு சுலபமாக உள்ளே விடுகிறது, வெளியே ஆக்சிஜனின் அழுத்தம் எவ்வளவு, உள்ளே அது செலவாகும் வேகம் எவ்வளவு. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஆழம் எப்படி மாறும் என்பது தெரிந்துவிடும். செலவாகும் வேகம் நான்கு மடங்கானால் ஆழம் பாதியாகும்.

அப்புறம் இன்னொன்று. பல ரப்பர்களில் கெட்டு இறுகிய தோல் ஆக்சிஜனை முன்னைவிடக் குறைவாகத்தான் உள்ளே விடும். தோலே காவல் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து ரயில் மேம்பாலம் ஒன்றில் 1889-இல் வைத்த பால்மரத்து ரப்பர் மெத்தைகளை நூறு வருஷம் போல கழித்து எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர்தான் கெட்டிருந்தது. நடுவில் ரப்பர் ரப்பராகவே இருந்தது. அந்தக் காலத்து ரப்பரில் இன்றைக்குப் போடுகிற பாதுகாப்பு மருந்துகள்கூடக் கிடையாது. 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலமும் நில அதிர்வைத் தாங்க ரப்பர் தாங்கிகள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வெயில், உப்புக்காற்று எல்லாம் படுகிற இடத்தில் ரப்பரா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, தடிமனைப் பாருங்கள் என்பதுதான்.

வெட்டிப் பார்ப்பது

வேண்டியவை: புது சவரப் பிளேடு, ஒரு தையல் ஊசி, பிடித்துக்கொள்ள ஒரு கார்க்குத் துண்டு, சோப்புத் தண்ணீர், நல்ல வெளிச்சம். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் போனின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் வெட்டுமுகம் கசங்கி ஒன்றும் தெரியாது. ஊசியின் காதைக் கார்க்கில் குத்தி, முனையை வெட்டுமுகத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போங்கள். கை ஒரே பலத்தில் இருக்கட்டும். ஊசி இறங்கும் ஆழத்தைக் கண் பார்க்காவிட்டாலும் விரல் சொல்லிவிடும்.

செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிற ஒரு பையன் ஜெனரேட்டருக்கு அடியில் வைக்கிற ரப்பர் மெத்தை ஒன்றைக் கொண்டுவந்தான். கைப்பிடி அளவு தடிமன். மேல் முழுக்க யானைத்தோல் வெடிப்பு, நகத்தால் தட்டினால் டக் டக் என்று சத்தம். “இதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு அக்கா, புதுசா நாலு எடுத்துக் குடுங்க” என்றான். புதுசு விற்றால் எனக்குக் காசுதான், ஆனாலும் லேப்பில் பழகிய கை சும்மா இருக்காது. வெட்டினேன். வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு, அதை ஒட்டிக் கொஞ்சம் மங்கலான ஒரு கோடு, அதற்குள்ளே ஈரம் பட்ட மாதிரி ஆழ்ந்த கறுப்பு. விளிம்பில் ஊசி சறுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது குத்தில் முனை மட்டும் பதிந்தது. நான்காவது குத்தில் வெண்ணெயாக இறங்கியது. நடுவில் ஒரு சின்னக் கீற்றை வெட்டி எடுத்து இழுத்தேன், நீண்டு படீரென்று திரும்பியது. “தம்பி, உன் சாமான் பிழைச்சுக்கிடக்கு, மத்த மூணையும் திரும்ப மாட்டு, வெட்டினதுக்கு மட்டும் ஒண்ணு வாங்கிக்கோ” என்றேன்.

அதே பையன் அன்றைக்கே ஒரு பம்பின் ஓ-ரிங்கையும் காட்டினான். பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்று மில்லிமீட்டர் தடிமன். வெட்டிக் குத்தினால் ஓரமும் நடுவும் ஒரே மாதிரி, இரண்டிலும் ஊசி ஏறவில்லை. பள்ளத்தில் உட்கார்ந்த வடிவத்திலேயே சப்பையாக உறைந்துவிட்டது. அதைக் குப்பையில் போடச் சொன்னேன்.

தடிமன் மட்டும் விஷயத்தை முடிவுசெய்துவிடாது. அந்தச் சாமானில் தோலுக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டும். எந்திரத்துக்கு அடியில் வைக்கிற மெத்தையில் சுமையைத் தாங்குவது முழு உடம்பு, தோல் சும்மா இருக்கிறது. அங்கே இரண்டு மில்லிமீட்டர் செத்தால் கவலை இல்லை. ஓ-ரிங், வால்வு வாஷர், பிரஷர் குக்கர் வளையம் இவற்றில் அடைப்பதே தோல்தான். உள்ளே எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோல் இறுகினால் கசியும். வளைந்து வளைந்து வேலை செய்கிற பெல்ட்டு, ஹோஸ் இவற்றிலும் விடக்கூடாது. இறுகிய தோலில் விழுகிற விரிசல் அங்கேயே நிற்காமல் நல்ல ரப்பருக்குள்ளும் ஓடும்.

கடினம் அளக்கிற ஷோர் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே வைத்து அழுத்தினால் அது பெரும்பாலும் தோலைப் பற்றித்தான் சொல்லும். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனில் வைத்தால் அடியில் இருக்கிற மேசையையும் சேர்த்து அளக்கும். வெட்டுமுகம் அகலமாக இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஊசியே போதும்.

வெடிப்பைப் பார்த்ததும் ஆக்சிஜன் மேல் பழி போடவும் வேண்டாம். ஓசோன் என்று இன்னொன்று இருக்கிறது. காற்றில் அது இருப்பது துளியூண்டுதான், ஆனால் இரட்டைப் பிணைப்பைக் கண்டால் அந்த இடத்திலேயே வெட்டிவிடும், ஆழமாகப் போக அதற்கு நேரமே இருப்பதில்லை. இழுபட்டு நிற்கிற இடத்தில்தான் அது விரிசல் போடும். விரிசல் இழுபடும் திசைக்குக் குறுக்கே நேர்கோடுகளாக இருக்கும். குழாயில் இழுத்து மாட்டிய ஹோஸின் வாயைப் பார்த்தால் தெரியும். எல்லாத் திசையிலும் வலைப்பின்னலாக வெடித்திருந்தால் அது வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்தது.

பித்தளைக் குழாயை ஒட்டிய முனை மட்டும் பிசுபிசுவென்று கறுத்திருந்தால் செம்பின் வேலையாக இருக்கலாம். பித்தளையில் செம்பு உண்டு, செம்பு பால்மரத்து ரப்பருக்கு ஆகவே ஆகாது, பெராக்சைடை உடைத்துவிட்டு வேலையை வேகப்படுத்தும். முனையைக் கொஞ்சம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள், அது நன்றாக இருந்தால் மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.

அடுப்பில் வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு

மொத்தமாக வாங்குகிற சிலர், சின்னப் பட்டறைக்காரர்கள், எந்த ரப்பர் அதிக நாள் உழைக்கும் என்று தாங்களே சோதித்துப் பார்க்க விரும்புகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அடுப்புச் சோதனை சரியாகச் செய்தால் உண்மை சொல்லும், அவசரப்பட்டுச் செய்தால் ஏமாற்றிவிடும்.

நான் லேப்பில் செய்தது பி.ஆர்.ஐ. என்கிற சோதனை, சூட்டுக்குப் பிறகு ரப்பர் எவ்வளவு தாங்கி நிற்கிறது என்று பார்ப்பது. பச்சை ரப்பரில், அதாவது இன்னும் சாமானாகப் பதப்படுத்தாத ரப்பரில், 3.4 மில்லிமீட்டர் போல தடிமன் உள்ள வில்லைகள் வெட்டி, பாதியை 140 டிகிரியில் 30 நிமிஷம் அடுப்பில் வைத்து, வைத்ததையும் வைக்காததையும் வாலஸ் பிளாஸ்டிமீட்டரில் அழுத்திப் பார்த்து, எத்தனை சதவீதம் தாங்கியிருக்கிறது என்று எழுதுவோம். 1965-இல் தொடங்கிய எஸ்.எம்.ஆர். என்கிற மலேசிய ரப்பர் தரத்தில் இந்த எண்ணுக்கு எல்லை உண்டு: எஸ்.எம்.ஆர். 5-க்குக் குறைந்தது 60, எஸ்.எம்.ஆர். 10-க்கு 50, எஸ்.எம்.ஆர். 20-க்கு 40. நாங்கள் அந்த வில்லைத் தடிமனில் பிடிவாதமாக இருப்போம். தடிமன் கூடியோ குறைந்தோ போன வில்லையைச் சோதிக்காமலே தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அது வீண் கெடுபிடியாகத் தெரியும். தடிமன் மாறினால் ஆக்சிஜன் போகும் பங்கு மாறும், எண்ணும் மாறும் என்று சொன்ன பிறகு யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

கடைச்சாமானுக்கு வழக்கமான முறை, 2 மில்லிமீட்டர் தகடு வெட்டி 70 டிகிரியிலோ 100 டிகிரியிலோ ஒரு வாரம் காற்றோட்டமுள்ள அடுப்பில் வைப்பது. பத்து டிகிரிக்கு வேகம் இரண்டு மடங்கு என்ற தோராயக் கணக்கை எடுத்துக்கொண்டால், 70 டிகிரி என்பது நம் ஊர் 30 டிகிரியைவிட 16 மடங்கு வேகம். ஒரு வாரம் வைத்தால் கிட்டத்தட்ட நான்கு மாதம் கழிந்த மாதிரி. சரி, நூறு டிகிரியில் வைத்தால் 128 மடங்கு ஆகுமே, சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். இங்கேதான் பள்ளம் இருக்கிறது.

சூடு ஏறினால் ஆக்சிஜன் செலவாகும் வேகம் 128 மடங்கு ஏறுகிறது, ஆனால் ரப்பருக்குள் ஊடுருவும் திறன் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. பத்து மடங்கு போல ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 128-ஐப் பத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மூன்றரை. அதாவது கடைத்தட்டில் ஏழு மில்லிமீட்டர் ஆழம்வரை சமமாகக் கெடக்கூடிய ரப்பர், நூறு டிகிரி அடுப்பில் இரண்டு மில்லிமீட்டர் தோலோடு நின்றுவிடும். தடித்த துண்டை அடுப்பில் வைத்து, எடுத்து அழுத்திப் பார்த்து, உள்ளே மெத்தென்று இருக்கிறதே, பத்து வருஷம் உழைக்கும் என்று சொன்னால் அது அடுப்பு சொன்ன பொய். கடைத்தட்டில் மெதுவாகக் கிடக்கிறபோது ஆக்சிஜனுக்கு நடுவரைக்கும் போக நேரம் இருக்கிறது, அங்கே முழு உடம்பும் சேர்ந்து கெடும். அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகத்தில் கில்லன், கிளஃப் இருவரும் அணுமின் நிலையக் கேபிள்களின் உறையை வைத்து இந்தச் சிக்கலை வருஷக்கணக்காக ஆராய்ந்தவர்கள். வெட்டுமுகத்தில் நுண்ணிய ஊசி வைத்து ஓரத்திலிருந்து நடுவரை கடினத்தை அளந்துகொண்டே போவது அவர்கள் கையாண்ட முறை. நம் தையல் ஊசி அதன் ஏழைச் சொந்தக்காரன்.

ஆகவே சோதிக்கிறவர்கள் மெல்லிய துண்டை வையுங்கள், ஒரு மில்லிமீட்டர் என்றால் இன்னும் நல்லது. குறைந்த சூட்டில் கூடுதல் நாள் வையுங்கள். இரண்டு வெவ்வேறு தடிமனில் வைத்து எடுத்தால் ரொம்ப நல்லது. இரண்டும் ஒரே அளவு கெட்டிருந்தால் ஆக்சிஜன் முழுக்கப் போயிருக்கிறது, சோதனையை நம்பலாம். தடித்தது குறைவாகக் கெட்டிருந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், குறைத்து மறுபடி வையுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: வெவ்வேறு ரப்பர்களை ஒரே அடுப்பில் ஒன்றாக அடுக்காதீர்கள். ஒன்றிலிருந்து ஆவியாகிற மருந்து இன்னொன்றில் ஏறி அதன் கணக்கைக் குழப்பிவிடும். சமையல் அடுப்பும் வேண்டாம், நாற்றம் போகாது.

எடுத்து வைப்பது

சுங்கை சிப்புட் வெயிலைப் பற்றி இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை ஸ்டோரில் மதியம் மூன்று மணிக்கு நின்று பார்த்தால் போதும். ரப்பர் சேமிப்புக்கான ஐ.எஸ்.ஓ. 2230 விதி 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. எல்லாருக்கும் ஏர்கோன் கட்டுப்படியாகாது. கூரைக்குப் பக்கத்துத் தட்டை விட்டுவிட்டுக் கீழ்த்தட்டில், வெயில் படாத சுவர் ஓரத்தில் வைத்தாலே பெரிய வித்தியாசம். அந்த விதி ரப்பர்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது. பால்மரத்து ரப்பர் இருக்கிற கூட்டத்துக்கு முதல் தவணை 5 வருஷம், நைட்ரைல் கூட்டத்துக்கு 7, சிலிக்கோன், இ.பி.டி.எம். கூட்டத்துக்கு 10. இது ஒழுங்காக வைத்திருந்தால் வருகிற கணக்கு, தகரக் கூரைக்கு அல்ல.

காற்றை விலக்குவதில் ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது, இதை எனக்குச் சொல்லவே ஆசை. ஒரு லிட்டர் பிஸ்கட் டின்னில் அரைக் கிலோ வாஷர்களைப் போட்டு மூடினால் உள்ளே மிஞ்சுகிற காற்று அரை லிட்டர். அதில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, நூறு கன சென்டிமீட்டர் போல. ஆனால் அரைக் கிலோ ரப்பரைக் கெடுக்க மூவாயிரத்து ஐந்நூறு வேண்டும். டின்னில் இருப்பது முழுவதும் செலவானாலும் ரப்பருக்கு வலிக்காது. அதனால் டின்னை நிறைய அடைத்து, மூடி விளிம்பில் டேப் சுற்றி வையுங்கள், அடிக்கடி திறக்காதீர்கள். பிளாஸ்டிக் பை இந்த வேலைக்கு அரைகுறைதான். மெல்லிய பாலிதீன் தண்ணீரை நிறுத்தும், ஆக்சிஜனை நிறுத்தாது. அலுமினியம் ஒட்டிய பை நிறுத்தும். நொறுக்குத்தீனிப் பாக்கெட்டில் வருகிற ஆக்சிஜன் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை, புதியதாக இருந்தால், ஒன்று சேர்த்துப் போடலாம். ஏற்கனவே திறந்து கிடந்தது உறிஞ்சி முடித்திருக்கும், பிரயோஜனமில்லை.

ஓ-ரிங்குகளை ஆணியில் மாலையாகத் தொங்கவிடுகிற பழக்கத்தை விடுங்கள். ஆணி படுகிற இடம் இழுபட்டு அங்கேயே ஓசோன் வெட்டும். மின்மோட்டார், வெல்டிங் செட் ஓடுகிற மூலையில் ரப்பர் வைக்க வேண்டாம், அங்கே ஓசோன் கூடுதல். ஷீட்டு ரப்பரை இறுக்கமாகச் சுருட்டியோ ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியோ வைத்தால் வெளிச்சுற்றுதான் அடி வாங்கும், உள்சுற்றுகள் தப்பிக்கும். நடுவில் டால்கம் பவுடர் தூவுங்கள், ஒட்டாது. எண்ணெய், கிரீஸ், வாஸ்லீன் எதையும் பால்மரத்து ரப்பரில் தடவ வேண்டாம், ஊதிப்போகும். சிலிக்கோன் கிரீஸ் பரவாயில்லை.

டயரிலோ புது ரப்பரிலோ வெள்ளையாகப் பூத்திருந்தால் பழசு என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். உள்ளே கலந்த மெழுகு தோலுக்கு வந்து ஓசோனைத் தடுக்க நிற்கிறது. பழுப்பு நிறமும் அப்படியே, பாதுகாப்பு மருந்து மேலே வந்திருக்கிறது. பெட்ரோலில் துணியை நனைத்துப் பளபளவென்று துடைப்பவர்கள் காவலைத் தாங்களே கலைக்கிறார்கள். தடித்த சாமானுக்கு இதிலும் ஒரு வசதி: தோலில் மருந்து தீர்ந்தால் உள்ளிருந்து மெல்ல வந்து நிரப்பும். மெல்லிய கையுறைக்கு அந்த இருப்பு இல்லை. ஆக்சிஜன் உள்ளே போவதும் சீக்கிரம், மருந்து வெளியே போவதும் சீக்கிரம். கையுறைப் பெட்டியை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவைப்பவர்கள் விரல் கிழிகிறதே என்று என்னிடம் வந்து சண்டை போடுவது நியாயமில்லை.

ரப்பர் ஆக்சிஜனை விடாவிட்டால் நல்லது என்று ஒரே சட்டமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. பியூட்டைல் ரப்பர் பால்மரத்து ரப்பரைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு குறைவாகத்தான் காற்றை விடும், அதனால்தான் டயர் டியூப் அதில் செய்கிறார்கள். சிலிக்கோன் எல்லாவற்றையும்விடத் தாராளமாக ஆக்சிஜனை உள்ளே விடுகிறது, ஆனாலும் சூட்டில் நன்றாகத் தாங்குகிறது, ஏனென்றால் அதன் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது, புதிதாக வருகிற ஆக்சிஜனுக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

பிளாஸ்டிக் சாமானுக்கும் இதே பார்வைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பாலிதீன், பாலிபுரோப்பிலீன் இரண்டிலும் படிகப் பகுதிகள் ஆக்சிஜனை விடாது, இடையில் உள்ள ஒழுங்கற்ற பகுதிகளில்தான் கெடும். வாசலில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள், அடியில் பழைய நிறம் இருக்கும். ரப்பர் மெத்தை மாதிரி இதை மன்னிக்க முடியாது. வெளுத்த தோல் மயிரிழை தடிமன்தான் என்றாலும் அதில் தொடங்குகிற விரிசல் நாற்காலிக் காலை ஒரு பாரத்தில் முறித்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறவர்கள் கறுப்பு நிறக் குழாயாகப் பார்த்து வாங்குங்கள். அதில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்த கரித்தூள் வெயிலை உள்ளே விடாது.

கடைசியாக, வெட்டவும் குத்தவும் கூடாத சாமான்கள். கேஸ் அடுப்பு ஹோஸில் இந்தச் சோதனை எல்லாம் வேண்டாம். அதன்மேல் அச்சடித்த தேதி தாண்டியிருந்தாலோ, வளைக்கும்போது வெள்ளைக் கோடு விழுந்தாலோ, முனை இறுகிக் கிளிப் வழுக்கினாலோ அன்றைக்கே மாற்றுங்கள், மாற்றிய பிறகு சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயவில்லை என்று சொல்லி விற்க வருகிறவரிடம் முதலில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.